நிலமும் பொழுதும்

மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டைக்கு இறங்கும் சாலை 90 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு உடுமலையில் இருக்கலாம். ஓர் உயிர் ஏன் இங்கே வாழ்கிறது, ஏன் பத்து மைல் தள்ளி வாழ்வதில்லை என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவாகப் பதில் சொல்லும் சாலை தென்னிந்தியாவில் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை.

மேலே, மூணாறைச் சுற்றியுள்ள உயரமான பகுதிகளில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டுகிறது. 1924 ஜூலையில் பெய்த மழை, அங்கே ஓடிக்கொண்டிருந்த ரயில் பாதையையே அடித்துக்கொண்டு போனது. அதன் பிறகு மூணாறுக்கு ரயில் வரவே இல்லை. தேயிலை வருவதற்கு முன்பு, மலையின் மடிப்புகளில் சோலைக்காடும் முகடுகளில் புல்வெளியுமாக இருந்த பூமி அது. கிழக்கே இறங்கினால் மறையூர். சந்தன மரம் யாரும் நடாமல் தானே வளரும் காடு, கரும்புத் தோட்டங்கள், வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள். இன்னும் கீழே சின்னாறு. அங்கே வருடம் முழுக்க எண்ணினாலும் மழை பெய்யும் நாட்கள் ஐம்பதைத் தாண்டுவதில்லை. மொத்த மழையே 500 மில்லிமீட்டர் அளவுதான். கள்ளியும் உடைமரமும் நிறைந்த முட்காடு, அதற்குள் நட்சத்திர ஆமை. ஆற்றோரம் மட்டும் நீர்மருத மரங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் உச்சியில் தாவித் திரிகிறது சாம்பல் நிற அணில். அதற்கும் கீழே அமராவதி அணை, கரையில் வெயில் காயும் முதலைகள்.

இத்தனைக்கும் மூணாறும் சின்னாறும் ஒரே அட்சரேகைக்கு அருகில் இருப்பவை. இரண்டுக்கும் மேலே ஒரே சூரியன். மலை முகட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பது ஒன்றே வேறுபாடு. ஜூன் மாதம் அரபிக்கடலிலிருந்து வரும் காற்று மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் ஈரத்தைச் சுமக்க முடியாது. மேற்குச் சரிவிலேயே இறக்கி வைத்துவிடுகிறது. வெறுங்கையோடு முகட்டைத் தாண்டி இறங்கும் அதே காற்று, ஒவ்வொரு 1,000 மீட்டர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ 10 டிகிரி வெப்பம் கூடி, கிழக்குச் சரிவில் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சுகிறது. இதைத்தான் மழை மறைவு என்கிறோம். கோயம்புத்தூர், திருப்பூர், தேனி, சங்கரன்கோவில் என்று நம் வரைபடத்தின் பாதி மேற்கு இந்த மறைவுக்குள்தான் இருக்கிறது.

காற்று ஏறும் இடம், இறங்கும் இடம்

ஒரு மலையில் நடக்கும் இந்த ஏற்ற இறக்கம்தான் உலக அளவிலும் நடக்கிறது. அங்கே மலைகூடத் தேவையில்லை. நிலநடுக்கோட்டில் சூரியன் நேர் மேலே நின்று காய்வதால் காற்று சூடாகி மேலே எழுகிறது. எழுந்த காற்று குளிர்ந்து மழையாகிறது. அமேசானும் காங்கோவும் போர்னியோவும் மழைக்காடுகளாக இருப்பதற்கு முதல் காரணம் இதுதான். ஈரத்தை இழந்த காற்று வடக்கும் தெற்குமாகப் பரவி, ஏறத்தாழ 30 டிகிரி அட்சரேகையில் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று வெப்பமடையும், வறளும், மேகம் கூடாது. உலக வரைபடத்தில் அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். வடக்கே சகாரா, அரேபியா, தார். தெற்கே கலஹாரி, அட்டகாமா, ஆஸ்திரேலியாவின் உள்நாடு. பாலைவனங்கள் இப்படி வரிசை கட்டி நிற்பது தற்செயல் இல்லை.

இந்தச் சுழற்சியை முதலில் விளக்க முயன்றவர்களில் ஒருவர் வானிலையாளரே அல்ல. ஜார்ஜ் ஹாட்லி என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் 1735-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய சிறு கட்டுரைதான், பாய்மரக் கப்பல்காரர்கள் நம்பியிருந்த வாணிபக் காற்று ஏன் எப்போதும் ஒரே திசையில் வீசுகிறது என்பதற்குப் பூமியின் சுழற்சியைக் காரணம் காட்டியது. அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே, 1686-இல், வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த எட்மண்ட் ஹாலி கடல் காற்றுகளின் வரைபடம் ஒன்றை வெளியிட்டிருந்தார். நம் பருவக்காற்றும் அதில் இருந்தது.

அந்தப் பருவக்காற்று மட்டும் இல்லையென்றால் நம் ஊர்கள் எப்படி இருந்திருக்கும்? சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கில். ஆப்பிரிக்காவில் அதே கோட்டுக்கு அருகில் இருப்பது நைஜர் நாட்டின் தலைநகர் நியாமே. சகாராவின் விளிம்பில், புழுதிக் காற்றுக்கு நடுவே இருக்கும் நகரம். நமக்கு வாய்த்தது வேறு. கோடையில் ஆசியப் பெருநிலமும் திபெத் பீடபூமியும் சூடேறும்போது மழைப்பட்டை வடக்கே இழுபடுகிறது. தென்கோளத்துக் காற்று நிலநடுக்கோட்டைத் தாண்டி வந்து, பூமி சுழல்வதால் வலப்பக்கம் திரும்பி, தென்மேற்குப் பருவக்காற்றாக இந்தியாவுக்குள் நுழைகிறது. நாட்டின் ஆண்டு மழையில் முக்கால் பங்கு அந்த நான்கு மாதங்களில் பெய்வது. குளிர்காலத்தில் நிலம் ஆற, காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வருகிறது. வருகிற வழியில் வங்கக் கடலில் ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. தமிழ்நாட்டின் மழையில் ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையான இந்த இரண்டாவது பருவத்தில் கிடைப்பது.

தமிழ் மரபுக்கு இந்தச் சிந்தனை புதியதல்ல. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைக்கிறது. விலங்கு, பறவை, மரம், உணவு, தொழில் எல்லாம் அதன் பின்னால் வரும் கருப்பொருள். முல்லைக்குக் கார்காலம், குறிஞ்சிக்குக் கூதிர் என்று ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பருவம். இலக்கண நூலில் இருப்பதாலேயே இதைக் கவிதைக்கான ஏற்பாடு என்று மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். நிலமும் பருவமும் சேர்ந்து உயிர்களைத் தீர்மானிக்கின்றன என்பதுதான் இன்றைய சூழலியல் பாடநூலின் முதல் அத்தியாயமும். அமெரிக்க சூழலியலாளர் ராபர்ட் விட்டேக்கர் 1970-களில் வரைந்த புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் ஆண்டுச் சராசரி வெப்பம், மறுபக்கம் ஆண்டு மழை. உலகின் பெரும்பாலான காடு, புல்வெளி, பாலை எல்லாம் இந்த இரண்டு எண்களுக்குள் ஓரளவு அடங்கிவிடுகின்றன. மிக உதவியான படம். ஆனால், பொழுது அதில் இல்லை. அந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதை நம் மண்ணே காட்டுகிறது.

எவ்வளவு, எப்போது

கர்நாடகத்து ஆகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. தெற்கே அகத்தியமலையில் அத்தனை இல்லை. மழையின் அளவு மட்டும் முடிவு செய்வதாக இருந்தால் உயிர்வளம் ஆகும்பே பக்கம்தான் கூடியிருக்க வேண்டும். உண்மையில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய, உலகில் வேறெங்கும் இல்லாத தாவரங்கள் தெற்கே வர வர அதிகரிக்கின்றன. அகத்தியமலை வட்டாரத்தில் உச்சம் தொடுகின்றன. காரணம் வறண்ட மாதங்களின் எண்ணிக்கை. தெற்கு முனைக்கு இரண்டு பருவ மழையும் கிடைக்கிறது. வறட்சி இரண்டு மூன்று மாதங்களோடு முடிந்துவிடும். வடக்கே போகப் போக வறட்சி நீண்டு, மலைத்தொடரின் வட கோடியில் எட்டு மாதம்வரை போகிறது. அங்கே நான்கு மாதம் வெள்ளமாகக் கொட்டினாலும், மீதி எட்டு மாதத்தை மரம் தாங்க வேண்டுமே. வால்பாறைக் காட்டின் சிங்கவால் குரங்குக்கும் இதே கணக்குதான். வருடம் முழுக்க ஏதாவது ஒரு மரத்தில் பழம் இருந்தால்தான் அதன் பிழைப்பு ஓடும்.

மழை எப்போது வருகிறது என்பதன் வலிமையைப் பார்க்க மலைக்குப் போக வேண்டியதில்லை. சோழமண்டலக் கடற்கரையில் ஒரு வினோதமான காடு உண்டு. மழை குறைவு, கோடை கடுமை. இலையுதிர் காடோ முட்புதரோதான் இருக்க வேண்டும். இருப்பதோ என்றும் பசுமையாக நிற்கும் குட்டையான காடு. இலைகள் சிறிதாக, தடித்து, தோல் போல இருக்கும். பாலையும் வீரையும் இந்தக் காட்டின் தலையான மரங்கள். தாவரவியலாளர்கள் இதை உலர் பசுமைமாறாக் காடு என்று தனி வகையாகவே வைத்திருக்கிறார்கள். பெரும்பகுதி அழிந்துவிட்டது. கோடியக்கரையில் பெரிய துண்டு ஒன்று மிஞ்சியிருக்கிறது. மற்றவை, புதுச்சேரிக்கு அருகே புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டைப் போல, சாமிக்குப் பயந்து மக்கள் வெட்டாமல் விட்ட துண்டுகள்.

கடலைத் தாண்டி இலங்கைக்குப் போனால் வன்னியிலும் வில்பத்துவிலும் அதே பாலை, அதே வீரை. பாலைப்பழக் காலத்தில் வன்னிக் காட்டுக்குள் போய்ப் பழம் பொறுக்குவது அங்குள்ள தமிழர்களின் வாழ்க்கையோடு ஒட்டியது. இலங்கையின் தென்மேற்கில் இருக்கும் சிங்கராஜா மழைக்காடோ வேறு உலகம். தென்மேற்குப் பருவத்தில் நனையும் அது நம் மேற்குச் சரிவுக் காடுகளுக்கு உறவு. ஆக, நாகப்பட்டினத்துக் காட்டுக்கு நெருங்கிய சொந்தம் நீலகிரியில் இல்லை, கிளிநொச்சியில் இருக்கிறது. இரண்டு கரையும் ஒரே வடகிழக்குப் பருவத்தின் மழையைக் குடிக்கின்றன. அந்த மழை வெயில் தணிந்த மாதங்களில் வருவதால் மண்ணில் இறங்கிய நீர் உடனே ஆவியாகிப் போவதில்லை. வருடம் முழுக்க இலையை வைத்துக்கொள்ளும் துணிச்சல் இந்த மரங்களுக்கு வந்ததில் அதற்கும் பங்கு இருக்க வேண்டும்.

பறவைகளும் இந்த நாட்காட்டிப்படிதான் நடக்கின்றன. ராஜஸ்தானின் பரத்பூரில் சங்குவளை நாரைகள் கூடு கட்டுவது தென்மேற்குப் பருவம் ஏரிகளை நிரப்பிய பிறகு, ஆகஸ்ட் வாக்கில். அதே இனம் நம் வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் வடகிழக்குப் பருவ மழைக்குப் பிறகே முட்டையிடுகிறது. குஞ்சு பொரிக்கும் நேரத்தில் நீரில் மீன் நிறைந்திருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஒரே பறவை, ஒரே நாடு, இரண்டு நாட்காட்டி. கூந்தன்குளத்து மக்கள் வீட்டு மரங்களில் கூடு கட்டும் நாரைகளைத் தொந்தரவு செய்யாமல் காப்பதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். அந்தக் குளத்துக்கு எந்த மாதம் தண்ணீர் வந்து சேர்கிறது என்பதும் அதே அளவு கவனிக்கப்பட வேண்டியது.

பெங்குவினும் தாது வருடப் பஞ்சமும்

கடல் நீரோட்டங்களை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. பெங்குவின் என்றால் பனி என்றுதான் நமக்கு நினைவு வரும். காலபாகஸ் தீவுகளிலோ நிலநடுக்கோட்டின் மேலேயே பெங்குவின்கள் வாழ்கின்றன. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் வடக்கே பாயும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டமும், பசிபிக்கின் ஆழத்திலிருந்து அத்தீவுகளை ஒட்டி மேலெழும் குளிர்நீரும் அதற்குக் காரணம். குளிர்நீரோடு சத்தும் மேலே வருகிறது, சத்தோடு மீனும் வருகிறது. அதே குளிர்ந்த கடல்தான் கரையில் காற்று எழாமல் அமுக்கி, அட்டகாமாவை உலகின் மிக வறண்ட இடங்களில் ஒன்றாக்குகிறது. கடலுக்குள் வளம், கரையில் வறட்சி. இரண்டுக்கும் காரணம் ஒன்று.

சில ஆண்டுகளில் இந்த ஏற்பாடு குலைகிறது. பசிபிக்கின் கிழக்குப் பகுதி சூடேறி, குளிர்நீர் மேலே வருவது நின்றுபோகிறது. அதுதான் எல் நினோ. 1982-83 எல் நினோவில் காலபாகஸ் பெங்குவின்களில் முக்கால் பங்குக்கு மேல் அழிந்தன. நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்விக்கான பதிலுக்கு வழி திறந்தவர், 1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைமைக்கு வந்த கில்பர்ட் வாக்கர். பருவமழை பொய்ப்பதை முன்கூட்டியே கணிக்க வேண்டும் என்ற நெருக்கடியில், உலகம் முழுவதுமிருந்து வந்த அழுத்த, மழைப் பதிவுகளைக் குவித்து வைத்துக் கணக்குப் போட்டார். பசிபிக்கில் காற்றழுத்தம் கூடினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் குறைவதையும், இங்கே கூடினால் அங்கே குறைவதையும் அவர் கண்டுபிடித்தார். அது எல் நினோவோடு பிணைந்தது என்பது 1960-களின் இறுதியில்தான் தெளிவானது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சம், வலுவான எல் நினோ காலத்தில் வந்தது. மழை பொய்த்ததற்குப் பசிபிக் காரணம். லட்சக்கணக்கானோர் செத்ததற்கு, தானியத்தை ஏற்றுமதி செய்துகொண்டே நிவாரணக் கூலியைக் குறைத்த அரசு காரணம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி வானத்தின் மேல் பழியைப் போடுவது நேர்மையல்ல. இன்னொன்றும் உண்டு: தென்மேற்குப் பருவத்தைப் பலவீனப்படுத்தும் எல் நினோ, நம் வடகிழக்குப் பருவத்தைப் பல நேரம் வலுப்படுத்துகிறது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது அப்படிப்பட்ட ஓர் எல் நினோ ஆண்டில்தான்.

புல்வெளிக்கு வயது என்ன?

இனி மலைக்கு ஏறுவோம். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அங்கே நடந்த ஒரு பெரிய தவறு.

ரஷ்யாவில் பிறந்த விளாடிமிர் கோப்பென் தாவரவியல் படித்துவிட்டு வானிலைக்கு வந்தவர். இன்றும் உலகம் பயன்படுத்தும் காலநிலை வகைப்பாடு அவருடையது. எல்லைக் கோடுகளை அவர் வெப்பமானியை மட்டும் பார்த்துப் போடவில்லை. எந்த மரம் எங்கே நின்றுபோகிறது என்று பார்த்துப் போட்டார். வெப்பமான மாதத்தின் சராசரிகூட 10 டிகிரியை எட்டாத இடத்தில் மரம் வளராது என்பது அவர் வகுத்த கோடு. அதன்படி பார்த்தால் ஊட்டியில் மரம் தாராளமாக வளரலாம். அங்கே வெப்பம் எந்த மாதத்திலும் அவ்வளவு கீழே போவதில்லை. பிறகு ஏன் நீலகிரியின், பழனி மலையின், ஆனைமலையின் உச்சிகளில் புல்வெளி?

19-ஆம் நூற்றாண்டில் அங்கே போன ஆங்கிலேயர்களுக்கு ஒரே பதில்தான் தோன்றியது: மரம் இருக்க வேண்டிய இடம், யாரோ வெட்டியும் எரித்தும் புல்லாக்கிவிட்டார்கள், எனவே இது வீணான நிலம். 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும் தைலமரமும் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு அந்த வேலை இன்னும் வேகம் பிடித்தது. தோல் பதனிடும் பட்டைக்காகவும் ரேயான் ஆலைக்கான கூழுக்காகவும் மலைமலையாக மரம் நட்டார்கள். அரசுக் கோப்புகளில் அது காடு வளர்ப்பு.

உண்மையான பதில் இரவில் இருக்கிறது. வெப்பமண்டலத்து உயர்ந்த மலைகளில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிந்த இரவுகளில் திறந்த சரிவின் தரை வெப்பத்தை வேகமாக இழந்து உறைநிலைக்குக் கீழே போகிறது. ஊட்டிக்குப் பக்கத்துத் தலைகுந்தாவில் புல்மேல் உறைபனி படிந்த படம் ஆண்டுதோறும் நாளிதழ்களில் வருகிறதே, அதுதான். சோலை மரங்களின் முன்னோர்கள் பெரும்பாலும் வெப்பமண்டலத்தவை. அவற்றின் கன்று ஓர் உறைபனி இரவைத் தாண்டாது. சோலைக்குள்ளோ இலைக்கூரை வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது, அங்கே கன்று பிழைக்கும். ஆகவே சோலை மடிப்புக்குள் நிற்கிறது, புல் திறந்த சரிவை ஆள்கிறது. ஆஸ்திரேலியச் சீகைக்கு அந்தக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. சோலை மரம் ஏற முடியாத சரிவில் அது பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

புல்வெளி மனிதன் உண்டாக்கியதா என்ற வாதத்தை முடித்துவைத்தது ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவின் சதுப்பு மண். மலைப் பள்ளங்களில் செத்த செடிகொடிகள் முழுதாக மக்காமல், ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அடுக்கடுக்காகக் கறுத்துப் படிந்திருக்கின்றன. வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும் புல்வகைகளில் கனமான கார்பன் சற்றுக் கூடுதலாக இருக்கும். மரங்களிலும் ஈரம் விரும்பும் புல்வகைகளிலும் குறைவு. அடுக்கடுக்காக இந்த விகிதத்தை அளந்தால் எந்தக் காலத்தில் எது வளர்ந்தது என்று தெரியும். யானை ஆய்வாளராக நாம் அறிந்த ராமன் சுகுமாரும் அவருடைய சக விஞ்ஞானிகளும் இப்படி அளந்து 1993-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். கடைசிப் பனியூழியின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, பருவமழை மெலிந்து வறட்சிப் புல் ஓங்கியிருந்தது. 10,000 ஆண்டுகளுக்கு முன்பு மழை வலுத்தபோது அது பின்வாங்கியது. பிறகு மறுபடி வறட்சி, மறுபடி அந்தப் புல். நீலகிரிப் பழங்குடியான தோடர்களின் எருமை மலையேறுவதற்கு வெகு காலம் முன்பே, கோடரியும் தீயும் வருவதற்கு முன்பே, அங்கே புல்வெளி இருந்திருக்கிறது.

அதைச் சார்ந்து வாழ்ந்தவர்களின் பட்டியல் நீளமானது. முதலில் நம் மாநில விலங்கான வரையாடு. இமயத்து ஆட்டின் தம்பி என்று நெடுங்காலம் கருதப்பட்டது. மரபணு ஆய்வு 2005-இல் அதைத் தனிப் பேரினமாக்கி, செம்மறியாட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தியது. பாறையும் புல்லும் சேர்ந்த இடத்தைத் தவிர அது எங்கும் தங்காது. பிறகு 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி. தோடர்களின் எருமைகளுக்கு மேய்ச்சலும், அவர்கள் கோயில்களின் கூரைக்குப் புல்லும் அந்தச் சரிவுகள் தந்தவை. கடைசியாக, மலைக்குக் கீழே இருக்கும் நாம். புல்வெளியும் அதன் அடியிலுள்ள சதுப்பும் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு, வெயில் காலம் முழுக்கச் சிறுகச் சிறுக ஓடைக்கு விடுகின்றன. தைலமரம் நட்ட நீர்ப்பிடிப்பையும் புல்லாகவே விட்ட நீர்ப்பிடிப்பையும் நீலகிரியின் கிளன்மார்கனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார்கள். தைலமரம் நட்ட பக்கத்தில் நீர்வரத்து சுமார் 16 விழுக்காடு குறைந்தது. பவானி, மாயாறு, அமராவதி என்று எந்த ஆற்றின் பெயரைச் சொன்னாலும் அதன் தலை இந்த மலைகளின் மேட்டில் இருக்கிறது. மழை மறைவில் வாழும் கொங்கு விவசாயி குடிப்பது, மறைவுக்கு அப்பால் பெய்த மழையை.

பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு சொல்கிறது. மரத் தோட்டங்களும் விவசாயமும் அந்த இடத்தைப் பிடித்தன. ஒரு காட்டில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டியிருந்தால் ஊர் கொதித்திருக்கும். மரத்தை நட்டு ஒரு வாழிடத்தை அழித்ததால் யாருக்கும் அழிவாகவே படவில்லை. சமவெளியிலும் இதே பார்வைதான். வல்லநாட்டு வெளிமான் மேயும் புதர்வெளி வருவாய்ப் பதிவேட்டின் கண்ணுக்குத் தரிசு. அங்கே மரம் நட்டுப் படம் எடுத்துக்கொள்பவர்களுக்கு நல்ல மனம் இருக்கிறது. அந்த மண்ணின் மழைக்காலம் எது என்று அவர்கள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

மேலே இடம் இல்லை

மலை ஏற ஏறத் தாவரம் மாறும் என்பதை ஒரே படத்தில் வரைந்து காட்டிப் புகழ்பெற்றவர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட். 1802 ஜூனில் நண்பர் போன்ப்ளாந்தோடு ஈக்வடாரின் சிம்போராசோ மலையில் ஏறியவர், எந்த உயரத்தில் எந்தச் செடி என்று குறித்து வந்தார். 210 ஆண்டுகள் கழித்து, 2012-இல், விஞ்ஞானிகள் அதே மலைக்குப் போய்ச் செடிகள் 500 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டதாகச் சொன்னபோது உலகம் அதிர்ந்தது. பின்னர் வேறொரு குழு ஹம்போல்ட்டின் குறிப்பேடுகளைத் தோண்டி, அவருடைய உயர்மட்டச் செடிகள் பலவும் வேறொரு மலையான அந்திசானாவில் சேகரித்தவை என்று காட்டியது. திருத்திய கணக்கில் ஏற்றம் 215 முதல் 266 மீட்டர். எண் குறைந்ததே தவிர, திசை மாறவில்லை.

உலகின் சராசரி வெப்பம் தொழில்யுகத்துக்கு முந்தைய நிலையைவிட 1.1 டிகிரி கூடியதாக 2011-2020 பத்தாண்டைப் பற்றி ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. கணக்கிட்டது. மலையில் 150 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும். ஆகவே, பழைய குளிர் வேண்டும் என்றால் ஓர் உயிர் அவ்வளவு தூரம் மேலே போக வேண்டும். ஆண்டிஸ் 6,000 மீட்டர் தாண்டும் மலை. நம் ஆனைமுடி 2,695 மீட்டரோடும் தொட்டபெட்டா 2,637 மீட்டரோடும் முடிந்துவிடுகின்றன. வரையாடு ஏற்கெனவே உச்சியில்தான் நிற்கிறது.

பக்கவாட்டில் போகவும் வழியில்லை. பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்கும் மேல் அகலம். உயர்மலை உயிர்களுக்கு அந்தச் சூடான சமவெளி கடல் மாதிரி. சோலையின் தரையோரம் திரியும் நீலச் சிறுபறவை கணவாய்க்கு வடக்கே ஓர் இனம், தெற்கே வேறோர் இனம் என்று பிரிந்துபோனதே அதற்குச் சான்று. இமயத்தில் பூக்கும் காட்டுப்பூவரசு நீலகிரியிலும் செக்கச் செவேலென்று பூக்கிறது. பனியூழியில் குளிர் கீழே இறங்கி வந்தபோது அத்தகைய தாவரங்கள் மலைவிட்டு மலை பரவி, பிறகு வெப்பம் ஏறியதும் உச்சிகளில் ஒதுங்கின என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். காலநிலை மாறுவது பூமிக்குப் புதிதல்ல என்று சிலர் சொல்லும்போது அவர்கள் விட்டுவிடுவது இதைத்தான்: அன்று ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இருந்தன, போக இடமும் இருந்தது.

உறைபனி இரவுகள் குறைந்தால் சோலைக் கன்றுகள் புல்லுக்குள் மெல்ல நுழையலாம். அதைவிட வேகமாக நுழையப்போவது சீகை. தமிழக அரசு 2022-இல் ஆக்கிரமிக்கும் அயல் தாவரங்களை அகற்றுவதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது நல்ல தொடக்கம். ஆனால், எப்படி அகற்றுவது என்பதில் மலையில் உழைப்பவர்களிடையே உண்மையான கருத்து வேறுபாடு இருக்கிறது. பழனி மலையின் சில பழைய சீகைத் தோட்டங்களுக்குள், அந்த நிழலிலேயே, சோலைக் கன்றுகள் முளைத்து வளர்ந்திருக்கின்றன. அங்கே மொத்தமாக வெட்டினால் வரப்போகும் சோலையும் சேர்ந்து அழியும். தரை திறந்து கிடந்தால் மறுபடி சீகைதான் முளைக்கும். மொத்தமாக வெட்டாவிட்டால் புல்வெளி திரும்பவே திரும்பாது என்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. சரிவுக்குச் சரிவு முடிவெடுப்பதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. மடிப்புகளில் சோலை எழும் இடத்தை அதன் போக்கில் விட்டு, சீகையை மெல்ல மெல்லக் குறைக்கலாம். இன்னும் பிழைத்திருக்கும் புல்வெளியின் விளிம்புகளில்தான் முதல் வேலை: கன்றாக இருக்கும்போதே கையால் பிடுங்குவது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒருமுறை சுத்தம் செய்த சரிவுக்கு அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் ஆட்கள் திரும்பிப் போக வேண்டும். ஓராண்டு ஒப்பந்தத்தில் முடிகிற வேலையல்ல. அந்தந்தச் சரிவின் புல்லையும் பனியையும் அறிந்த மலைவாழ் மக்களுக்கு, ஒரு தலைமுறைக்காவது நீடிக்கும் நிரந்தர வேலையாக அதைக் கொடுக்க வேண்டும்.